ஒன்றுக்கு ஒன்று அளவில் ஷைனி

"ஒரு சாமானை டிராயிங்ல போடணும்னா எத்தினி வியூ வோணும் பாப்பா?"

அன்புராஜ் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடுகளை வெட்டி இணைத்துத் தொட்டிகளும் தூண்களும் செய்கிற கம்பெனி ஒன்றில், வரைபடப் பிரிவில் நான் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் கீழே ஷெட்டில் மார்க்கிங் வேலை பார்ப்பவர். மாடியில் நாங்கள் கணினியில் வரைவதை அவர்தான் தகட்டின் மேல் சாக்கட்டியால் கோடு போட்டு, பஞ்ச் உளியால் புள்ளி குத்தி, வெட்டத் தயாராக்குவார்.

"மூணு," என்றேன். "முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு."

"அது சாமானுக்கு. ஒரு புள்ளைக்கு?"

"புள்ளைக்கா?"

"பத்து வயசு. ஒரு எடத்துல நிக்காது. அதுக்கு எத்தினி?"

"ஃபோட்டோ எடுத்தா போதாதா?" என்றேன்.

"ஃபோட்டோ சின்னதாகீதே. நமக்கு ஒண்ணுக்கு ஒண்ணு வோணும். அவ இன்னா உசரமோ அதே உசரம். என் பேத்தி, ஷைனி. ஊடு கட்டிக்கினுகீறோம். கேட்டுல அவளை வெட்டி நிறுத்தப் போறேன். எல்லாரும் மயிலு, அன்னம்னு வெக்கிறானுங்க. மயிலு இன்னா நமக்கு மாமனா மச்சானா?"

"சரிங்க."

"தெருவுல போறவன் கேட்டைப் பாத்ததும், 'அட, ஷைனி ஊடு'ன்னு சொல்லணும். அவகிட்ட வாக்கு குடுத்துட்டேன். வேற ஆரு மாதிரியாவது வந்துச்சு, என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

"அவங்க அளவு இருந்தா நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்."

"அவங்களா! பத்து வயசுக்கு அவங்களா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் வரைபட அறையில் இருந்த ஆறு பேரும் திரும்பினார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் அதைக் கவனித்துக் குரலைத் தாழ்த்தி, "அளவு நான் எடுத்தாறேன் பாப்பா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்புராஜுக்கு அப்போது அறுபத்தொரு வயது. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுத்தவர்கள். பதினெட்டு வயதில் அவர் சிப்காட்டுக்கு லோடு ஏற்றும் வேலைக்கு வந்தார். தகட்டில் யாரோ போட்டிருந்த கோடு வளைந்திருப்பதைப் பார்த்து, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல் கணக்கில், "இது ரெண்டு நூல் வெளிய போவுது சார்," என்று சொன்னதால் மார்க்கிங் பிரிவுக்கு மாற்றப்பட்டார். சொன்னது சரியாக இருந்ததா என்று கேட்டேன். "ரெண்டரை நூல்," என்றார்.

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் வரைபடத்தில் வரும் ஆங்கிலச் சொற்களை உருவத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார். படம் அளவுக்கு வரையப்படவில்லை என்பதைக் குறிக்க மூலையில் என்.டி.எஸ். என்று மூன்று எழுத்து போடுவோம். அவர் அதை 'நம்பாதே, தப்பு சார்' என்று விரித்துச் சொல்வார். ஷெட்டில் எல்லோருக்கும் இப்போது அதுதான் விரிவாக்கம். பத்தாம் வகுப்பு வரை தமிழிலும் டிப்ளமோவை ஆங்கிலத்திலும் படித்த எனக்கும் சமயத்தில் அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் ஷைனியைப் பற்றிக் கேட்காத நாள் குறைவு. அவர் மகள் பிரின்சி அக்கா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறார். மருமகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அப்பா தினமும் கப்பலைப் பற்றிப் பேசுகிறாரே, அது எவ்வளவு பெரியது என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை ஷைனி தனியாகக் கிளம்பியிருக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி, மீஞ்சூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நான்கு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து துறைமுகச் சாலைவரை போய்விட்டாள். மாலையில் அவளுடைய அப்பாவின் லாரியிலேயே திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. பிரின்சி அக்கா கையில் துடைப்பம் இருந்தது. அன்புராஜ் குறுக்கே போய் நின்றுகொண்டு பேத்தியை விசாரித்தார்.

"எங்கடி போன?"

"கப்பலு பாக்க."

"பாத்தியா?"

"கிரேன்தான் தெரிஞ்சுது தாத்தா. கப்பலு செவுத்துக்கு அந்தாண்டகீது."

"கிரேன் எத்தினி உசரம்?"

"நம்ம மாதா கோயிலு கோபுரத்தை மூணு வாட்டி அடுக்கினா."

"இதை என்னிக்காவது உம் புருசன் சொன்னானா?" என்று அவர் மகளிடம் திரும்பிக் கேட்டாராம். துடைப்பம் அவர் முதுகில் விழுந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் முதுகைத் தடவிக் காட்டுவார்.

இன்னொரு நாள் தெருக்கோடியில் இருக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிவிட்டாள். "முப்பத்தெட்டு படி. அவ மேல ஏறிக்கினே எண்ணுனா, நான் கீழ நின்னுக்கினு எண்ணுனேன். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு." பயமாக இல்லையா என்று காஸ் கட்டிங் வேலை பார்க்கும் லோகு கேட்டார். "பயம்தான்டா. ஆனா எந்தப் படியில காலு வெக்கணும்னு அவளுக்குத் தெரியுது. நீ தகடு வெட்டறப்ப நான் பயந்துக்கினு நிக்கிறேன் பாரு, அதைவிடக் கம்மி பயம்தான்."

லோகுவுக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கம். மாமா மச்சான் என்றுதான் பேச்சு. லோகுவுக்கு ஷைனியின் ஒவ்வொரு விழுப்புண்ணும் தெரியும். கால்வாயில் சைக்கிளோடு விழுந்தது, வேப்பமரத்துக் குளவி, எல்லாம். ஆனால் லோகு கவரைப்பேட்டையிலிருந்து வருகிறவர். ஷைனியை நேரில் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

வீட்டுக்குக் கூரைத்தளம் போட்டு, தரையும் போட்டு முடியும் கட்டத்தில், ஒரு திங்கட்கிழமை அன்புராஜ் பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காகிதத்தைத் தரையில் விரித்து, பேத்தியைக் கை விரித்துப் படுக்க வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "வெச்சுக்கோ பாப்பா. ஒண்ணுக்கு ஒண்ணு," என்றார். மறுநாளிலிருந்து ஐந்து நாள் விடுப்பு, வீட்டில் கேட் தூண் எழுப்ப வேண்டும். நான் படத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் லோகு மெஷினில் வெட்டி எடுத்து வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்து ஜெபம் செய்து வீட்டை மந்திரிக்கிறார்.

காகிதத்தை மேசைமேல் விரித்தேன். பின்னல், ஒரு பக்கம் பறக்கிற பாவாடை, ஒன்றுக்கொன்று விலகிய பாதங்கள் என்று எல்லாம் இருந்தன. ஒரு பக்கம் கை விரல்நுனிவரை நீண்டிருந்தது. மறுபக்கம் கோடு முழங்கையைத் தாண்டியதுமே வளைந்து திரும்பிவிட்டது. அங்கே காகிதமும் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. காகிதம் போதாமல் சுருக்கிவிட்டார் என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் இருபக்கமும் ஒன்றாக இருக்கும் பொருளைப் பாதிதான் வரைவோம். நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் 'மறுபாதி இதேபோல்' என்று ஒரு குறிப்பு. கணினியில் அதற்கு மிர்ரர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நான் முழுதாக இருந்த கையை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை. கை சரியாகப் பொருந்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் லோகு தகட்டைச் சாக்கில் சுற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றினார். என்னையும் கூப்பிட்டார்கள். போனோம்.

புது வீட்டு வாசலில் அன்புராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "தாத்தா, வண்டி வந்துடுச்சி!" என்று ஒரு குரல் மேலே இருந்து கேட்டது. ஜன்னலுக்கு மேல் நீட்டியிருந்த சன்ஷேடில் ஒரு பெண் குந்தியிருந்தாள். பக்கத்தில் மழைநீர்க் குழாய். இடது கையால் அதைப் பிடித்து, வலது முழங்கையைக் கொக்கிபோல் மாட்டி, நாங்கள் வண்டியை விட்டு இறங்குவதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.

அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே நான்கு விரல் நீளத்தில் முடிந்திருந்தது.

லோகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். எனக்கு வண்டிக்குள் திரும்ப ஏறிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் ஷைனியே சாக்கை ஒரு பக்கம் உருவிவிட்டாள்.

தகட்டில் இருந்த பெண் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். பத்து விரல்கள்.

"தாத்தா, இது ஆரு?"

அன்புராஜ் கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

பிரின்சி அக்கா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தானகீது நைனா," என்று அப்பாவிடம் சொன்னார். "இப்படியே மாட்டிடு."

ஷைனி அம்மாவைப் பார்க்கவில்லை. தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயுமா தாத்தா? ரப்பர் கைய நீயும் ஒட்ட வெச்சிட்டியா?"

கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று ஃபோட்டோவுக்காக அவளுக்கு ஒரு ரப்பர் கை மாட்டியிருந்தார்கள். ஃபோட்டோ எடுத்த கையோடு அவள் அதைக் கழற்றி, பக்கத்துக் கத்திரித் தோட்டத்தில் நின்ற சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிட்டாள். தோட்டக்காரர் இரண்டு நாள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவளுடைய முகம் மட்டும்தான். தகட்டைச் சாக்கால் மூடிவிட்டு, "அப்ப அவ பேரையே வெச்சுக்க. எம்பேரு வோணாம்," என்று சொல்லிக் குழாயைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கினாள்.

"தாத்தா பண்ணலை. நான்தான்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "காகிதம் பத்தலைன்னு நெனச்சு நானே கையைப் போட்டுட்டேன்."

ஷைனி பாதிக் குழாயில் நின்றாள். "உங்கிட்ட ஆரு போடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. உனக்குக் கை இப்படின்னும் யாரும் சொல்லலை."

"தாத்தா சொல்லலியா?"

"இல்லை."

"எனக்கே தெரியாதும்மா," என்றார் லோகு. "நீ பொறந்த நாள்லேர்ந்து உன் கதையைக் கேட்டுக்கினுகீறேன். தொட்டி மேல ஏறினது, கப்பலு பாக்கப் போனது, எல்லாம் தெரியும். இது தெரியாது."

அவள் தாத்தாவிடம் திரும்பினாள். "நீ சொல்லவே இல்லியா?"

"இன்னாத்த சொல்லணும்?" என்றார் அன்புராஜ். உண்மையிலேயே யோசித்துவிட்டுத்தான் கேட்டார். "நீ பண்றதைச் சொல்லவே எனக்கு டைம் பத்தல."

ஷைனி கீழே இறங்கினாள். பிரச்சினை அதோடு முடியவில்லை.

"வாசல்லயே எழுதி ஒட்டணுமா நைனா?" என்றார் பிரின்சி அக்கா. அவர் கோபமாகப் பேசவில்லை, சோர்ந்து பேசினார். "ஆட்டோக்காரன்கிட்ட வழி சொன்னா, 'அந்தக் கையில்லாத பொண்ணு ஊடா'ன்னுதான் கேக்குறான். புது ஊட்டுக்கு வந்தாவது அந்தப் பேச்சு வோணாம்னு பாத்தேன். இது தானா வந்துச்சி. இருந்துட்டுப் போவட்டுமே."

"அவன் இல்லாததைச் சொல்லி வழி கேக்குறான். நான் இருக்கறதை மாட்டப் போறேன். நாப்பது வருசமா தகட்டுல இல்லாததை மார்க் பண்ணதில்ல பிரின்சி. உம் பொண்ணுகிட்டயா ஆரம்பிப்பேன்?"

லோகுவுக்கு இந்த இறுக்கம் தாங்கவில்லை. "இதுக்கின்னாத்துக்கு பேஜாரு? வண்டியில காஸ் டார்ச்சு கீது மாமா. அந்தப் பக்கத்துக் கையை முழங்கைக்குக் கீழ வெட்டி எடுத்தா முடிஞ்சுது. ரெண்டு நிமிசம்."

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"எதை வெட்டுவ?" என்றார் அன்புராஜ்.

"எக்ஸ்ட்ராவத்தான்."

"டேய், அவளுது வெட்டுன கையாடா? அது வந்ததே அப்படி. நீ டார்ச்சு வெச்சியின்னா அது வெட்டுன கையாயிடும். டெய்லி அதைப் பாத்துக்கினுதான் அவ ஸ்கூலுக்குப் போவணுமா? புதுத் தகடு எடு. மொத கோட்டுலயே அவ கை அவ கையா வரணும்."

"நாளைக்குச் சாமியார் வராரே மாமா."

"கேட்டு இல்லாட்டி சாமியாரு உள்ள வர மாட்டாரா? இன்னும் சுளுவா வருவாரு."

முதலில் சிரித்தது ஷைனி. சிரித்து முடித்ததும் தாத்தாவிடம் நிபந்தனை போட்டாள். "நான் திரும்பப் படுக்க மாட்டேன். செத்த ஆளு மாதிரிகீது. ஏறுற மாதிரி வெய்யி."

"எதும்மேல?"

"கேட்டும்மேலயே."

மறுநாள் ஜெபம் கேட் இல்லாமலே நடந்தது. வந்தவர்கள் கலைந்த பிறகு, கழுவி வைத்த பிரியாணி அண்டாக்களுக்குப் பக்கத்தில், சுவரில் காகிதம் ஒட்டி ஏணியைச் சாத்தினார்கள். ஷைனி ஏறி, மேல் படியில் வலது முழங்கையை மாட்டி, இடது கையை அடுத்ததுக்கு நீட்டி, ஒரு காலைத் தொங்கவிட்டு நின்றாள். அன்புராஜ் ஸ்டூல்மேல் ஏறிப் பென்சிலை ஓட்டினார்.

"மூச்சு விடாத."

"விடாம எப்படி தாத்தா?"

"சரி, கம்மியா விடு."

இந்த முறை கணினிக்கு வேலையில்லை. மேனேஜரிடம் கேட்டு மிச்சத் தகடு ஒன்றை வாங்கி, திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்த பிறகு அவர் தானே மார்க் பண்ணினார். என்னிடம் கேட்டது டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மட்டும்தான். நேர்க்கோட்டில் ஒரு விரல்கடைக்கு ஒரு புள்ளி என்று பஞ்ச் குத்திக்கொண்டே வந்தார். அந்த வலது கை முடியும் இடத்தில் வளைவு சிறியது. அங்கே புள்ளிகளை எள் எள்ளாக நெருக்கிக் குத்தினார். நெருக்கமாகக் குத்தினால்தான் வெட்டுகிறவனுக்கு வளைவு தவறாது. லோகு மெஷினை விட்டுவிட்டுக் கையிலேயே டார்ச் பிடித்து வெட்டினார். அன்றைக்கு அன்புராஜ் பயந்துகொண்டு நின்றதாகவும் தெரியவில்லை.

கேட்டின் மேல் விளிம்பு உருண்டைக் குழாய். தகட்டைத் தூக்கி வைத்தபோது, வெல்டிங்குக்கு முன்பே, அந்த முழங்கை குழாய்மேல் போய்த் தொற்றிக்கொண்டு நின்றது. அப்புறம்தான் லோகு பற்றவைத்தார்.

பிரின்சி அக்கா நான்கைந்து நாள் அந்தப் பக்கம் பார்க்காமலே வேலைக்குப் போய் வந்தார். பிறகு ஒரு மாலை மஞ்சள் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வந்து, "அப்படியே வுட்டா துருப் புடிக்கும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பூசினார். கையின் வளைவுக்குள் பிரஷ் போகாததால் விரலால் பூசினாராம். முதலில் வெட்டிய இரண்டு கைத் தகட்டை அவர் தூக்கிப்போட விடவில்லை. பின்பக்கச் சுவரில் சாத்தி, அந்தக் கைகளில் துணி காயப் போடுகிறார்.

கேட்டைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை கீல் மாற்ற வேண்டியதாயிற்று. அன்புராஜ் மூன்றாவது முறை லாரிக் கதவுக்குப் போடுகிற கீலைப் போட்டார். இப்போது ஷேர் ஆட்டோவில் இறங்குகிறவர்கள் ஏறுற பொண்ணு ஊடு என்றுதான் கேட்கிறார்கள். ஷைனி பெயரைச் சொல்லவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் குறை.

இந்த ஜூன் மாதம் ஒரு நாள் மதியம் அவர் மறுபடியும் படியேறி என் மேசைக்கு வந்தார். சென்னையில் செயற்கைச் சுவர்மேல் கயிறு கட்டி ஏறப் பழக்குகிற ஓர் இடத்தை ஷைனி செல்போனில் கண்டுபிடித்திருந்தாள். பத்து நாள் முகாம். அங்கே இருப்பவர் பிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டிருந்தார். உடம்பில் குறை ஏதாவது இருந்தால் அதையும் குறிப்பிடச் சொல்லியிருந்தார். அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று வீட்டில் பேச்சு. பிரின்சி அக்கா கையைப் பற்றி எழுதாமலே விட்டுவிடலாம் என்றாராம். ஷைனி கேட்கவில்லை.

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். அன்புராஜ் உட்காரவில்லை. மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"பொய் வோணாம் பாப்பா. கையைப் பத்தி எழுது, அளவோட எழுது. ஆனா மொத வரியில எழுதாத. தொட்டி, அந்த முப்பத்தெட்டு படி, கப்பலு பாக்கப் போனது, எல்லாம் எழுதிட்டு, அவங்களுக்கு அவளைப் பாக்கணும்னு ஆசை வந்தப்புறம் எழுது."